தோப்பைப் பார்த்தீர்கள், பள்ளியை இன்னும் பார்க்கவில்லை

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது நான்கு மாதம் ஆகிறது. நாங்கள் லாஸ்பேட்டையில் குடியிருக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குச் செல்பவர்கள். ஊசுட்டேரிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குள் ‘இயற்கைவழி மழலையர் மையம்’ ஒன்று நடக்கிறது. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். கீற்றுக் கொட்டகை, மண் திண்ணை, முயல், வாத்து, கயிற்று ஊஞ்சல் என்று எல்லாமே மனத்துக்குப் பிடித்துவிட்டது. ஐந்து வயது வரை எழுத்துப் பயிற்சி கிடையாது என்கிறார்கள். கட்டணம் எங்கள் தெரு நர்சரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். “எங்க ஊர் பால்வாடியிலயும்தான் வேப்பமரமும் மண்ணும் இருக்கு, அதுக்குப் போய் இவ்வளவு பணமா?” என்கிறார் என் மாமியார். பாம்பு, பூரான் என்ற பயமும் அவருக்கு உண்டு. இப்படிப்பட்ட மையம் உண்மையிலேயே தரமானதா என்பதை என்னைப் போன்ற ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? பிற்பாடு ஒன்றாம் வகுப்பில் என் மகள் பின்தங்கிவிடுவாளா?

– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு விவரத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சென்றது சனிக்கிழமை. அன்று அங்கே குழந்தைகள் இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே நீங்கள் பார்த்தது தோப்பைத்தான். கல்யாண மண்டபத்தை முகூர்த்தமில்லாத நாளில் சுற்றிப் பார்த்துவிட்டுப் பந்தி எப்படி என்று சொல்ல முடியாது. குழந்தைகளும் ஆசிரியர்களும் நடமாடும் ஒரு வேலை நாளில், காலை வாசல் திறப்பதிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். இந்தத் துறையில் தரத்தை அளப்பவர்கள் செய்வதும் இதுவே. அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் ஆகிய இருவரும் 1980-இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட ஓர் அளவுகோல் உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. ஒவ்வொரு அம்சத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடும் அந்த முறையில், மதிப்பிடுபவர் நிர்வாகியின் விளக்கத்தைக் கேட்டு மதிப்பெண் போடுவதில்லை. சுமார் மூன்று மணி நேரம் வகுப்பிலேயே இருந்து, கண்ணால் கண்டதற்கு மட்டுமே போடுகிறார். உங்களுக்கு அந்தப் படிவம் தேவையில்லை. அந்தப் பொறுமை இருந்தால் போதும்.

பெற்றோர் கூட்டமாக வந்து படம் பிடிப்பதை ஒரு மையம் தடுத்தால் அது நியாயம். குழந்தைகளின் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் தடுக்கத்தான் செய்வார்கள். கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு தாய் ஒருமுறை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதற்கே இடம் கொடுக்காத மையத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. அவர் பாதிக்கு மேல் சரியாகவே சொல்கிறார். குழந்தையை வெட்டவெளியில் வைத்துக் கற்பிப்பது புதிதாக இறக்குமதியான சரக்கு அன்று. ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃபுரோபல் 1837-இல் தொடங்கிய பள்ளிக்குப் பிறகு அவரே சூட்டிய ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயருக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்றுதான் பொருள். சுவரே இல்லாத காட்டுப் பள்ளிகள் 1950-களில் டென்மார்க்கில் தோன்றின. ஜெர்மனியில் ஃபிளென்ஸ்பர்க் நகரில் 1993-இல் அப்படியொன்று முறையான அங்கீகாரம் பெற்றது. ஆனால் இந்தக் காட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் முன்பே, 1920-இல், குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா பால மந்திரைத் தொடங்கிவிட்டார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் பிறகு கோஸ்பாடிலும் ஏழைக் குழந்தைகளுக்காக அவர்கள் வீட்டு முற்றத்திலேயே, மரத்தடியிலேயே பள்ளி நடத்தினார். ‘முற்றத்துப் பள்ளி’ என்று பொருள்படும் அங்கன்வாடி என்ற சொல் அந்த வழியில் வந்ததுதான். நாம் இன்றும் பால்வாடி என்றே சொல்கிற அங்கன்வாடிகளுக்கான நாடு தழுவிய திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. இன்னும் பின்னோக்கிப் போனால், நம் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களில் சிற்றிலும் சிறுதேரும் இருக்கின்றன. மணலில் வீடு கட்டுவதையும் தேர் உருட்டுவதையும் குழந்தை வளர்வதன் படிகளாகவே நம் முன்னோர் எண்ணினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகவே மண்ணுக்கும் வேப்பமரத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதில் மாமியாருடன் நான் உடன்படுகிறேன். கொடுப்பதாக இருந்தால், அந்த மரத்தடியில் குழந்தையோடு குந்தி உட்காரத் தெரிந்த ஒரு பெரியவருக்காகக் கொடுக்க வேண்டும். இயற்கைவழி மையம் ஒன்றின் தரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதே, கடலூர், புதுச்சேரி வட்டாரங்களில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கும் நீண்ட காலம் பயிற்சி அளித்த என் அனுபவம்.

நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். முந்திரி மரமொன்றின் தாழ்ந்த கிளையில் முசுறு எறும்புகள் இலைகளை மடித்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். மற்றவர்கள் மணல் மேட்டுக்குப் போய்விட்டார்கள். ஆசிரியை அவனைக் கூப்பிடவில்லை. அவன் உயரத்துக்குக் குந்தி, அவனோடு சேர்ந்து பார்த்தார். முசுறு கடித்தால் எப்படி எரியும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்து, “இதுக்கு இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவங்க” என்று மட்டும் சொன்னார். சிறிது நேரம் கழித்து, “இலை ரெண்டையும் எதை வச்சு ஒட்டுதுன்னு நெனக்கிற?” என்று கேட்டார். “எச்சில்” என்றான் பையன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பூதக்கண்ணாடியுடன் வந்து, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அதே கிளைக்குப் போனார்கள். எறும்பு தன் புழுவை வாயில் கவ்விக்கொண்டு, அந்தப் புழு விடும் நூலால்தான் இலைகளைத் தைக்கிறது. அதைக் கண்ணாடி வழியே பார்த்த பிறகு அந்தப் பையன் இரண்டு வாரத்துக்குப் பார்ப்பவரிடமெல்லாம் “எறும்பு தன்னோட பாப்பாவையே ஊசியாக்கி வச்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மையத்தில் முயலும் இல்லை, வாத்தும் இல்லை. கட்டடம்கூட வாடகை வீடுதான்.

வேறொரு மையத்துக்கு மதிப்பீட்டுக்காக அழைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டு வயதுள்ள மாமரம், தாமரைத் தொட்டி, வெட்டிவேர்த் தட்டி எல்லாம் இருந்தன. கால அட்டவணையில் ‘இயற்கை நேரம்’ என்று இருபது நிமிடம் போட்டிருந்தது. குழந்தைகள் முன்னால் இருப்பவரின் தோளைப் பிடித்து ரயில்போல மரத்தைச் சுற்றி வந்தார்கள். “திஸ் இஸ் எ ட்ரீ. டோன்ட் டச்” என்று ஆசிரியை சொல்ல, எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். காலில் மண் ஒட்டினால் வகுப்புக்குள் ஏறக் கூடாது என்பதால் காலணியோடுதான் வந்தார்கள். கீழே விழுந்து கிடந்த மாவடு ஒன்றை எடுத்து முகர்ந்த பெண் குழந்தையின் கையிலிருந்து ஆயா அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். நிர்வாகி என்னிடம் அந்த மரத்தைக் காட்டிப் பெருமைப்பட்டார்; மரம் பெருமைக்குரியதுதான்.

இந்த இரண்டு காட்சிகளில் உங்கள் மையம் எதற்கு அருகில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்கிறேன். குழந்தை எதையோ கண்டு நிற்கும்போது பெரியவரின் முதல் சொல் என்ன என்று கவனியுங்கள். “வா, நேரமாச்சு” என்பதா, “சீ, கீழே போடு” என்பதா, பேசாமல் பக்கத்தில் வந்து நிற்பதா? ஒரு காலையில் இப்படிப் பத்து தருணமாவது வரும்.

அடுத்தது நேரம். குழந்தைகள் வெளியில் இருப்பது நாள்தோறுமா, வாரம் ஒருமுறை சுற்றுலாவைப் போலவா? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலியக்கம் வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. தைவானில் பள்ளிக் குழந்தைகளின் கிட்டப்பார்வையைத் தடுக்க 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியே விடும் திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அதுவரை ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாட்டு விகிதம் இறங்கத் தொடங்கியது. ஆனால் நம் ஊர் வெயில் வேறு. பங்குனி பிறந்துவிட்டால் பதினொரு மணிக்கு மேல் மூன்று வயதுக் குழந்தையைத் திறந்த வெளியில் விடுவது அறிவீனம். கடற்காற்று திரும்பும் வரை நிழலே கதி, அதுவும் ஊசுட்டேரி அளவு உள்ளே தள்ளியிருந்தால் அந்தக் காற்று வந்து சேரத் தாமதமாகும். ஆகவே நல்ல மையம் கோடையில் தன் கால அட்டவணையைத் திருப்பிப் போட்டிருக்கும்: வந்தவுடன் வெளியே, வெயில் ஏறினால் உள்ளே, தண்ணீர்க் குடம் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில். ஆண்டு முழுவதும் ஒரே அட்டவணை என்று சொன்னால், அதை எழுதியவர் இந்த ஊர்க்காரராக இருக்க முடியாது.

தரையையும் ஒரு பார்வை பாருங்கள். குழந்தைகள் உண்மையாகப் புழங்கும் இடத்துக்கு ஒரு தேய்மானம் உண்டு. தாழ்ந்த கிளையின் பட்டை கைபட்டு வழவழப்பாகியிருக்கும். ஊஞ்சலுக்குக் கீழே குழி விழுந்திருக்கும். செம்மண்ணில் யாரோ தோண்டிய வாய்க்கால் நேற்றையதும் இன்றையதுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். கோலம் போட்டதுபோலப் பெருக்கிய முற்றம் விருந்தினருக்கானது. விளையாட்டுப் பொருள்களிலும் இதே கதைதான். பிரிட்டனைச் சேர்ந்த சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதிய ஒரு கருத்து இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது: ஓரிடத்தில் குழந்தை எடுத்து, நகர்த்தி, அடுக்கி, கலைக்கக்கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அங்கே புதிதாக்கும் திறன் வளரும். நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, பனை மட்டை, இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் செருகிய வண்டி, பழைய சேலைத் துண்டு, கயிறு, மரக்கட்டை என்று ஒரு மூலையில் குவிந்து கிடந்தால் மகிழுங்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மர பொம்மைகள் அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக இருந்தால், அவை குழந்தைகளுக்காக வாங்கப்பட்டவைதானா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

உள்ளே போனால் சுவரைப் பாருங்கள். இருபது தாளிலும் ஒரே வண்ணத்துப்பூச்சி ஒரே அளவில் ஒட்டியிருந்தால் அதை வெட்டியது ஆசிரியரின் கத்தரிக்கோல். ஸ்காட்லாந்தில் இத்தகைய மையங்களை நடத்திய கிளேர் வார்டன் ‘உள்ளே, வெளியே, அப்பால்’ என்று மூன்று இடங்களைச் சொல்வார்: வகுப்பறை, வளாகம், வளாகத்துக்கு அப்பாலுள்ள உலகம். அப்பால் கண்டது உள்ளே வந்து சேர்கிறதா என்பதே கேள்வி. ஊசுட்டேரிக்கு நடந்து போய்ப் பறவைகளைப் பார்த்தார்கள் என்றால், திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசினார்களா, களிமண்ணில் பிசைந்தார்களா, நாரையின் கால் எத்தனை முழம் என்று கயிற்றால் அளந்து பார்த்தார்களா? அந்தப் பறவையைத் தமிழில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதும் முக்கியம். புங்கு, பூவரசு, நாவல், கொன்றை என்ற பெயர்களைக் குழந்தை தன் மொழியில் அறியாமல் எல்லாமே ‘ட்ரீ’ என்று முடிந்துவிட்டால், தோப்பில் இருப்பதற்கும் படப் புத்தகத்தில் பார்ப்பதற்கும் வேறுபாடு குறைந்துவிடுகிறது. கதைப் புத்தகம் ஒன்றுகூட இல்லாத மையமும் எனக்கு உடன்பாடில்லை. இயற்கை என்ற பெயரில் புத்தகத்தைத் துரத்த வேண்டியதில்லை.

ஆள் கணக்குக்கு வருவோம். நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு மழலைப் பருவப் பராமரிப்பு, கல்விக் கொள்கையை ஒட்டிய தர வரையறைகள், 3 முதல் 6 வயதுள்ள 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர் என்று சொல்கின்றன. 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறையும் குறைந்தது 30 சதுர மீட்டர் திறந்த வெளியும் வேண்டும் என்பதும் அதில் உண்டு. அவை நான்கு சுவருக்குள் நடக்கும் பள்ளியை மனத்தில் கொண்ட குறைந்தபட்ச அளவுகள். திறந்த வெளி தலைக்கு ஒரு சதுர மீட்டர் என்றால், ஒரு குழந்தை கையை விரித்துச் சுற்றக்கூடப் போதாது. முந்திரிக் கிளைகள் தரையைத் தொடும் தோப்பில் ஒருவர் கண்ணுக்குள் இருபது பேரை வைத்திருக்க முடியாது. பத்துப் பேருக்கு ஒருவர், நீர்நிலைப் பக்கம் போகும் நாளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது என் கணக்கு. ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை ஆள் மாறும் இடத்தில், எந்தக் குழந்தை எதற்கு அழும் என்பது யாருக்கும் தெரியாது. அலுவலக அறையில் இருப்பவரைவிட ஆயாம்மாவிடம் பேசுங்கள்; நேற்று என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடிந்தால், அவரையும் அந்த மையம் ஓர் ஆளாக மதிக்கிறது என்று பொருள். வண்டி ஓட்டுநர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று தயங்காமல் கேட்கலாம். நல்லவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் மாமியாரின் பயத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குழந்தை தானே பார்த்து, கணித்து, ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக்கூடிய சவால் ஒன்று. குழந்தையின் அறிவுக்கு எட்டாத ஆபத்து மற்றொன்று. நார்வேயின் எல்லன் சாண்ட்செட்டர் 2007-இல் குழந்தைகள் தேடிப் போகும் துணிச்சலான விளையாட்டுகளை ஆறாக வகைப்படுத்தினார்: உயரம், வேகம், கூரான கருவிகள், நீரும் நெருப்பும் போன்றவை, மல்லுக்கட்டு, கண்ணில் படாமல் தனியே திரிவது. நம் பிள்ளைகள் மரமேறியதும் கண்ணாமூச்சி ஆடியதும் இதுதான். முந்திரி மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி முழங்கால் சிராய்ந்தால் அது பாடம். பாசி பிடித்த கிணற்றுச் சுவரும், மூடி ஆடும் தண்ணீர்த் தொட்டியும், செப்டிக் டாங்க்கின் மேல் கிடக்கும் உடைந்த பலகையும் பாடமல்ல. அவை அங்கே இருக்கவே கூடாது. வாத்து உண்டு என்கிறீர்கள், அப்படியானால் குட்டையும் இருக்கலாம். அது முழங்கால் அளவு ஆழமானாலும் கம்பி வேலியும் தாழ்ப்பாளும் வேண்டும், ஏனென்றால் சிறு குழந்தை மூழ்குவதற்கு ஒரு சாண் நீரே போதும், அதுவும் சத்தமில்லாமல் நடந்துவிடும்.

கீற்றுக் கொட்டகை என்று நீங்கள் ஆசையோடு எழுதியிருக்கும் இடத்தில் எனக்கு மனம் பதைத்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த தீ, சமையலறையிலிருந்து கீற்றுக் கூரைக்குத்தான் பரவியது. அதன் பிறகே தமிழ்நாட்டில் பள்ளிகளின் கூரைகளிலிருந்து கீற்று இறக்கப்பட்டது. இயற்கை என்றால் கீற்று என்ற எண்ணம் இந்தப் புதிய மையங்களில் மெல்லத் திரும்பி வருவதைக் காண்கிறேன். ஓடு போடலாம், மரநிழலே போதும் என்றும் விடலாம். கீற்றுக்குக் கீழே குழந்தைகள் தூங்குகிறார்கள், அல்லது பக்கத்தில் அடுப்பு எரிகிறது என்றால், மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

பாம்பைப் பற்றி: தோப்பு என்றால் பாம்பு இருக்கும், இல்லை என்று சொல்லும் நிர்வாகியை நம்ப வேண்டாம். முயலுக்கும் வாத்துக்கும் போடும் தவிடும் தானியமும் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே முயல் கூண்டின் அடியில் குனிந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விளையாடும் இடத்தைச் சுற்றிச் சருகும் விறகும் செங்கல்லும் குவியாமல் இருக்கிறதா, காலையில் பிள்ளைகள் வருமுன் யாராவது கோலால் தட்டிக்கொண்டே சுற்றி வருகிறார்களா என்று கேளுங்கள். பிறகு ஆசிரியை ஒருவரிடம், “பாம்பு கடித்துவிட்டால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். குழந்தையை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட காலை அசையாமல் கட்டையோடு சேர்த்து வைத்து, 108-ஐயோ சொந்த வண்டியையோ பிடித்து, விஷமுறிவு மருந்து உள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்கு நேரே போவோம் என்பது சரியான விடை. இறுக்கிக் கட்டுவோம், கீறி ரத்தம் எடுப்போம், மந்திரிப்போம் என்றால் அது தவறான விடை. கேட்ட மாத்திரத்தில் சரியாகச் சொன்னார் என்றால், அந்த மையம் அதை ஒத்திகை பார்த்திருக்கிறது.

உண்மையில் பாம்பைவிடச் செடிகள்தான் அன்றாடக் கவலை. வேலியோரக் காட்டாமணக்கின் காயைத் தின்றுவிட்டு வாந்தியெடுத்து வரும் குழந்தைகளை நம் பக்கத்து மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்குக் கொட்டை, சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் குன்றிமணி ஆகியவை குழந்தைகள் புழங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. முந்திரித் தோப்பு என்பதால் இன்னொன்று: பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும்; மாசி முதல் வைகாசி வரை பழம் விழும் காலத்தில் அதற்கென்று ஒரு விதி அவர்களிடம் இருக்க வேண்டும். வெறுங்காலில் நடப்பது நல்லதுதான், ஆனால் நாயும் பூனையும் மலம் கழிக்காத மண்ணாக இருந்தால். மணல் குழியை இரவில் மூடுகிறார்களா என்றும், சாப்பாட்டுக்கு முன்பும் முயலைத் தொட்ட பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்றும் பாருங்கள். குழாய் குழந்தையின் இடுப்பு உயரத்தில் இருக்கிறதா என்பதே பாதிப் பதில்.

மழைக்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்டிருப்பேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது இந்த வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் எப்படி வேரோடு கிடந்தன என்பதை உங்கள் மாமியார் சொல்வார். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது நீங்களே பார்த்தீர்கள். பட்டுப்போன கிளைகளைப் புரட்டாசிக்குள் யார் வெட்டுகிறார்கள்? வானிலை எச்சரிக்கை வந்தால் எத்தனை மணிக்குள் பெற்றோருக்குச் செய்தி வரும்? தேங்கும் நீரில் கொசு உற்பத்தியாகாமல் யார் கவிழ்க்கிறார்கள்? இவற்றோடு, சாதாரணத் தூறல் நாளில் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். காற்றும் இடியும் இல்லாத மழையில், மாற்றுத்துணி கையில் இருக்க, குழந்தைகள் வாசலில் ஓடும் நீரில் காகிதக் கப்பல் விடவில்லையென்றால், இயற்கைவழி என்ற பெயர் எதற்கு?

ஒன்றாம் வகுப்பைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதையொட்டி 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டமாகக் கருதி, விளையாட்டு வழியையே முதன்மையாக வைக்கின்றன. ஆறு வயது நிறைந்த பிறகே ஒன்றாம் வகுப்பு. மூன்றரை வயதில் நோட்டில் அ, ஆ எழுத வைக்காதது குறை ஆகாது. புளியங்கொட்டையைப் பொறுக்கி எண்ணி, களிமண்ணை உருட்டி, கயிற்றில் முடிச்சுப் போடும் விரல்கள்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. “நாங்கள் எதையும் கற்பிப்பதில்லை, குழந்தை தானே கற்கும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஆசிரியர்கள் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் மையங்களும் இருக்கின்றன. சும்மா விடுவதைச் சுதந்திரம் என்று பெயர் மாற்றிக் கட்டணம் வாங்குவது எளிது. நாள்தோறும் கதை உண்டா, பாட்டும் விடுகதையும் உண்டா, குழந்தை சொல்வதை எழுதி அதற்கே படித்துக் காட்டுகிறார்களா, ஐந்து வயதுக்காரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே அடையாளம் காண்கிறார்களா என்று பாருங்கள். இவை இருந்தால் உங்கள் மகள் பின்தங்க மாட்டாள். ஆறாவது வயதில் வேறு பள்ளிக்கு மாறும்போது முதல் இரண்டு மாதம் எழுதும் வேகம் குறைவாக இருக்கலாம். அதை அப்பள்ளி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மடங்குப் பணத்தில் எவ்வளவு ஆசிரியரின் சம்பளத்துக்குப் போகிறது என்று நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் ஆட்கள் நிலைத்திருப்பதிலிருந்து ஊகிக்கலாம். ஓடியாட முடியாத குழந்தையோ பேச்சு தாமதமான குழந்தையோ அங்கே ஒருவராவது இருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். இருந்தால், மற்றவர்கள் குளத்துக்குப் போகும்போது அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மையத்தின் மனம் அதில் தெரிந்துவிடும். கூடவே உங்கள் பகுதி அங்கன்வாடிக்கும் ஒரு காலை போய் வாருங்கள். வேப்பமரமும், பத்து ஆண்டுகளாக மாறாத டீச்சரும், முட்டையோடு மதியச் சோறும் அங்கே இருந்தால், மாமியாரின் வாதம் வென்றாலும் வியப்பில்லை.

அந்த மையத்துக்கு நீங்கள் மீண்டும் போகும் நாள் செவ்வாயோ புதனோ ஆகட்டும். மகளை அன்று கூட்டிச் செல்ல வேண்டாம், அவளைக் கவனிப்பதிலேயே உங்கள் நேரம் போய்விடும். மாமியாரைக் கூட்டிச் செல்லுங்கள். காட்டாமணக்கையும் கிணற்று மூடியையும் உங்களுக்கு முன்னால் அவர் கண்டுவிடுவார். கிளம்பும்போது, சென்ற ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் நாட்குறிப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லாப் பக்கத்திலும் ‘மழை, உள்ளே ரைம்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், சேர்க்கைப் படிவத்தை வாங்காமலே திரும்பிவிடலாம். தேரையையோ நத்தையையோ வெள்ளத்தில் மிதந்து வந்த முந்திரிச் சருகையோ பற்றி யாராவது நான்கு வரி எழுதி வைத்திருந்தால், உட்கார்ந்து கட்டண விவரம் பேசுங்கள்.